தன் வினையும் பிறர் வார்க்கும் நீரும்

மனிதன் தன் வாழ்வைத் தானே தெரிந்தெடுக்கிறானா, ஏற்கெனவே எழுதி வைத்ததை நடந்து முடிக்கிறானா? இறந்தபின் எஞ்சுவது எது? அப்படி ஏதாவது எஞ்சினால், இங்கே இருப்பவர்கள் அதற்காக ஏதும் செய்ய முடியுமா? இம்மூன்றையும் தனித்தனியாகக் கேட்கலாம். ஆனால் ஒன்றுக்குச் சொல்லும் விடை மற்ற இரண்டையும் இழுத்துக்கொண்டு வந்துவிடும். வினை முழுக்க முழுக்க என்னுடையதென்றால் என் பிள்ளை செய்யும் திதியால் எனக்கு என்ன பயன்? திதியால் பயன் உண்டென்றால் வினை என்னுடையது மட்டும்தான் என்று எப்படிச் சொல்வது?

இந்த விவாதத்தை இலங்கையின் எந்த மாவட்டத்தில் இருந்தும் தொடங்கலாம். மாத்தளையைத் தெரிந்தெடுக்கக் காரணம், விடைகள் பலவும் அங்கே அடுத்தடுத்து இருப்பதுதான். நகருக்கு வடக்கே கண்டி–தம்புள்ளை வீதியில் அலுவிகாரை. அதே வீதியில் இன்னும் வடக்கே, பல்லவக் கட்டடக் கலையின் சாயலில் பௌத்தர் எழுப்பிய நாலந்தா கெடிகே. அதற்கும் அப்பால் தம்புள்ளைக் குகைகள். நகருக்குள் முத்துமாரியம்மன் கோயிலும் பள்ளிவாசல்களும் தேவாலயங்களும். ரத்தோட்டை, உக்குவளை, எல்கடுவை மலைச்சரிவுகளில் தோட்டங்கள், தோட்டத்துக்கொரு சாமி. கொள்கைகள் இங்கே ஏட்டில் மட்டும் இல்லை. மரண வீட்டில் என்ன செய்வது என்ற நடைமுறையிலும் அவை மோதுகின்றன.

அலுவிகாரையில் ஏடேறியது

கி.மு. முதல் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் காலத்தில், அதுவரை வாய்மொழியாக ஓதப்பட்டுவந்த பாளித் திரிபிடகம் முதன்முதலாக ஓலையில் எழுதப்பட்டது என்பது தேரவாத மரபு. தீபவம்சமும் மகாவம்சமும் எழுதிய செய்தியைச் சொல்கின்றன, இடத்தைச் சொல்லவில்லை. அலுவிகாரையின் பெயர் பிற்காலச் சிங்கள நூல்களில்தான் வருகிறது. ஆகவே இடம் பற்றிய நம்பிக்கையை மரபு என்ற அளவில் வைத்துக்கொள்வதே நேர்மை.

சூழல் மட்டும் தெளிவு. தென்னிந்தியப் படையெடுப்பில் மன்னன் அரியணையை இழந்து பதினான்கு ஆண்டுகள் மறைந்து வாழ்ந்தான். அவன் ஒளிந்திருந்த இடம் தம்புள்ளைக் குகைகள் என்பது ஊர் வழக்கு. நாட்டைக் கொடும் பஞ்சம் பிடித்தது. ஓதத் தெரிந்த பிக்குகள் மாண்டார்கள், சிதறினார்கள். மகாநித்தேசம் என்ற நூல் ஒரேயொரு பிக்குவின் நினைவில்தான் எஞ்சியிருந்தது என்றும், அவர் ஒழுக்கம் கெட்டவர் என்பதால் அவரிடம் பாடம் கேட்க மற்றொரு தேரர் தயங்கினார் என்றும், கடைசியில் வற்புறுத்தலுக்கு இணங்கிக் கேட்டு முடித்தார் என்றும் உரைநூல் சொல்கிறது. பஞ்சம் தணிந்தபின் இன்னொரு விவாதமும் எழுந்தது. சாசனத்துக்கு வேர் எது, கல்வியா, பயிற்சியா? கல்வியே என்று தீர்ப்பானது. இதற்கொரு விளைவு உண்டு. துன்பத்தில் மனிதனைத் தாங்கும் உள்வலிமை தனிமனிதனின் தியானத்தில் மட்டும் காக்கப்படுவதன்று. ஒரு கூட்டத்தின் நினைவிலும் ஏட்டிலும் காக்கப்படுவது என்ற எண்ணம் அன்றே ஏற்கப்பட்டுவிட்டது.

இன்று அலுவிகாரைக்குப் போகிறவர் முதலில் காண்பது இந்த நுட்பங்களை அல்ல, நரகத்தை. குகையொன்றில் இன்ன குற்றத்துக்கு இன்ன தண்டனை என்று வண்ணத்திலும் சுதையிலும் காட்டி வைத்திருக்கிறார்கள். அவை பிற்காலத்தவை. பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நின்று பார்த்துப்போகும் காட்சி அது. ஏட்டில் எழுதியது வேறு, சுவரில் வரைந்தது வேறு என்று ஒதுக்கிவிட முடியாது. நரகம் ஏட்டிலும் உண்டு. ஆனால் ஏட்டில் அது நிரந்தரமன்று; வினை தீர்ந்தால் தண்டனையும் தீரும். சுவரில் அந்தக் கால எல்லை தெரிவதில்லை.

மறுபடி பிறப்பது யார்?

பௌத்தத்தின் மிகப் பழைய சிக்கல் இது. நிலையான ஆன்மா இல்லை என்று சொல்லிவிட்டு, வினைப்பயனை நுகர்பவர் ஒருவர் உண்டு என்றும் சொல்வது எப்படி? அபிதம்மத்தைச் சேர்ந்த கதாவத்து, ஒருவித ‘ஆள்’ உண்டென்று வாதிட்ட பௌத்தப் பிரிவினரை மறுப்பதோடுதான் தொடங்குகிறது. மிலிந்த பஞ்ஹத்தின் விடை ஒரு விளக்கிலிருந்து இன்னொன்றை ஏற்றுவது போன்றது: இரண்டாவது சுடர் முதலாவதன்று, முற்றிலும் வேறும் அன்று. இறப்புக்கும் அடுத்த பிறப்புக்கும் இடையில் ஓர் இடைநிலை உண்டா என்ற கேள்வியில் தேரவாதம் இல்லையென்றது, சர்வாஸ்திவாதிகள் உண்டென்றனர்.

1873 ஆவணியில் பாணந்துறையில் மிகெட்டுவத்தே குணானந்த தேரருக்கும் டேவிட் டி சில்வா பாதிரியாருக்கும் நடந்த புகழ்பெற்ற விவாதத்திலும் மையம் இதுவே. ஆன்மா இல்லையென்றால் செய்தவன் ஒருவன், அனுபவிப்பவன் வேறொருவன் ஆகிவிடும்; அறத்துக்கே இடமில்லை என்றார் பாதிரியார். தொடர்ச்சி உண்டு, அதற்கு நிலைத்த பொருள் தேவையில்லை என்றார் தேரர். கூட்டம் தேரரையே வென்றவராகக் கொண்டாடியது என்பது வரலாறு. வாதத்தில் யார் வென்றார் என்பது வேறு கேள்வி. அது இன்றும் தத்துவத் துறைகளில் முடிவாகவில்லை.

தமிழ்ப் பக்கத்தில் மணிமேகலை இதே வாதத்தைக் காவியமாக்கியது. அதில் ஒரு காட்சி நம் கேள்விக்கு நேராகப் பேசுகிறது. மகனை இழந்த கோதமை என்ற பார்ப்பனப் பெண், என் உயிரை எடுத்துக்கொண்டு அவனுயிரைத் தா என்று சம்பாபதியிடம் மன்றாடுகிறாள். தெய்வம் முடியாதென்கிறது. தெய்வங்கள் எல்லாவற்றையும் அழைத்துக் காட்டுகிறது; அவையும் அதையே சொல்கின்றன. உயிரை மாற்றிக்கொள்ள முடியாது, வினைவழியே போகும் என்பது காவியத்தின் தீர்ப்பு. கடுமையான தீர்ப்பு. ஆனால் அந்தக் கடுமையோடு ஒரு சமூகம் மரண வீட்டில் வாழ முடியுமா என்பதைக் காவியம் கேட்கவில்லை.

சைவசித்தாந்தம் எதிர்த் திசையிலிருந்து வருகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தில் நிறுவிய முறையில் பதியாகிய இறைவன், பசுவாகிய உயிர், பாசமாகிய தளை மூன்றும் அநாதி. உயிர் நிலையான பொருள், முத்தியிலும் அழிவதில்லை. ஆகவே ‘யார் மறுபடி பிறக்கிறார்’ என்ற கேள்விக்கு நேரான விடை கிடைத்துவிடுகிறது. அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியாரின் பரபக்கத்தில், எல்லாம் கணந்தோறும் அழிகிறது என்ற பௌத்தரின் கணபங்கக் கொள்கையை இந்தத் தளத்தில் நின்றே உடைக்கிறார். ஆனால் உயிரைக் காப்பாற்றியதற்கு வேறொரு பக்கத்தில் விலை கொடுக்கவேண்டியிருந்தது. அது தெரிவு பற்றிய பக்கம்.

எல்லாமே பழவினையா?

செல்வம், இழப்பு, நோய், முதுமை, சாவு முதலியவை கருவிலேயே குறிக்கப்பட்டவை என்கிறது சித்தாந்தம். அப்படியானால் முயற்சி எதற்கு? இதற்கு அது வினையை மூன்றாகப் பிரித்து விடை சொல்கிறது. சஞ்சிதம் சேமித்து வைத்தது, பிராரத்தம் இப்போது நுகர்வது, ஆகாமியம் இப்போது புதிதாகச் சேர்வது. பிராரத்தத்தைத் தவிர்க்க முடியாது. அதை நுகரும்போது என்ன மனநிலையில் நுகர்கிறோம் என்பதில்தான் சுதந்திரம். இன்பத்தையும் துன்பத்தையும் ஒப்பாக ஏற்கும் இருவினையொப்பு வரும்போது உயிரைப் பிணித்த மலம் பழுத்து அருள் பதிகிறது. உள்வலிமைக்கு இதைவிட நுட்பமான விளக்கம் தமிழில் இல்லை என்றே தோன்றுகிறது. பலவீனமும் இங்கேதான் இருக்கிறது. மலம் பழுப்பது என் முயற்சியாலா, அருளாலா? இரண்டும் என்பார்கள். இரண்டுக்கும் இடையே எல்லை எங்கே என்பதைக் காட்டுவது கடினம்.

திருக்குறளும் இந்த இழுபறியைத் தீர்க்காமல் வைத்திருக்கிறது. முப்பத்தெட்டாம் அதிகாரமான ஊழ், அதை மிஞ்சும் வலிமை இல்லை என்ற கருத்தில் முடிகிறது. அறுபத்திரண்டாம் அதிகாரமான ஆள்வினையுடைமை, சோராமல் உழைப்பவர் அந்த ஊழையே புறங்காண்பர் என்ற கருத்தில் முடிகிறது. உரையாசிரியர்கள் இரண்டையும் பொருத்தப் பாடுபட்டிருக்கிறார்கள். பொருத்தாமல் விட்டதே வள்ளுவரின் முடிவாக இருக்கலாம்.

புத்தரின் உரைகளைத் தொகுத்த நிக்காயங்கள் பற்றி இங்கே ஒரு பரவலான தவறான எண்ணத்தைக் குறிப்பிட வேண்டும். நடப்பதெல்லாம் முன்வினைப் பயன் என்பது புத்தரின் போதனையாகவே ஊரில் பேசப்படுகிறது. ஏட்டில் இருப்பது அதற்கு எதிரானது. அங்குத்தர நிக்காயத்தில் அவர் மறுக்கும் மூன்று கொள்கைகளில் முதலாவதே இதுதான். மற்றவை, எல்லாம் கடவுள் படைத்தது என்பதும் எல்லாம் காரணமின்றி நடக்கிறது என்பதும். சம்யுத்த நிக்காயத்தில் சீவகர் என்ற பரிவிராசகரிடம், உடல் வேதனைகள் பித்தத்தாலும் வரும், சளியாலும் வாதத்தாலும் வரும், பருவ மாற்றத்தாலும் கவனக்குறைவாலும் தாக்குதலாலும் வரும், வினைப்பயனாலும் வரும் என்று பட்டியல் இடுகிறார். வினை அந்தப் பட்டியலில் ஒன்று, அவ்வளவே. பேராதனையில் தத்துவம் கற்பித்த கே. என். ஜயதிலக இந்த இடங்களை வைத்துத்தான் பௌத்த வினைக்கொள்கை விதிக்கொள்கை அன்று என்று வாதிட்டார். அவருடைய வாசிப்பு வலுவானது. ஆனால் எது வினையால் வந்தது, எது சளியால் வந்தது என்று பிரித்தறிய ஓர் அளவுகோல் ஏட்டில் இல்லை. அளவுகோல் இல்லாத இடத்தில் மனித மனம் எல்லாவற்றையும் வினைக் கணக்கில் எழுதிவிடுகிறது.

இஸ்லாமிய மரபு இதே சிக்கலைக் கத்ர் என்ற பெயரில் எதிர்கொண்டது. மனிதனுக்குத் தெரிவே இல்லை என்ற ஜபரிய்யாக்களுக்கும், அவன் தன் செயலுக்குத் தானே கர்த்தா என்ற முஃதஸிலாக்களுக்கும் நடுவே அஷ்அரிகள் ஒரு வழி கண்டனர்: செயலைப் படைப்பவன் இறைவன், அதைச் சம்பாதித்துக்கொள்பவன் மனிதன். மாத்தளையின் தமிழ் பேசும் முஸ்லிம்கள் பெரும்பாலும் ஷாபிஈ சட்ட மரபையும் (மத்ஹப்) அஷ்அரி நம்பிக்கைக் கொள்கையையும் (அகீதா) சார்ந்தவர்கள். இந்த நடுவழியும் சித்தாந்தத்தின் நடுவழியைப் போலவே பெயர் சொல்ல எளிது, விளக்கக் கடினம்.

எரிந்த கட்சி, எரியாத கட்சி

மேலே சொன்னவை நூல்களின் விடைகள். தோட்டத்து மக்களின் விடை நூலில் இல்லை. மன்னாரில் இறங்கி வன்னிக் காடுகளுக்கூடாக நடந்து மாத்தளைக்கு வந்த வடக்குப் பாதைதான் கோப்பிக் காலத் தொழிலாளர்கள் கண்டிச்சீமைக்குள் நுழைந்த முதல் வழி. வாந்திபேதியும் அம்மையும் பட்டினியும் அந்த வழியில் எத்தனையோ பேரைக் கொன்றன. காடாத்து என்னும் ஈமச் சடங்குகூட இல்லாமல் வழியோரம் விடப்பட்ட சாவுகள். அம்மை நோயின் தெய்வமான மாரியம்மன் அந்தப் பாதை வந்து சேரும் நகரத்தில் பெருங்கோயில் கொண்டது தற்செயலாக இருக்க முடியாது. மாசி மகத்தில் ஐந்து தேர் ஓடும் அந்தக் கோயில் 1983 யூலைக் கலவரத்தில் எரியுண்டு மீண்டும் எழுந்தது.

அந்த மக்கள் விதியைத் தலையெழுத்து என்றார்கள். ஆனால் அதோடு நின்றுவிடவில்லை. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக்கு ஒரு சாமி, ஆலைச் சக்கரத்துக்கு ரோதைமுனி என்று வேலையின் ஒவ்வோர் ஆபத்துக்கும் ஒரு காவலை நட்டார்கள். இறந்தவரும் காவல் ஆகலாம். இந்த நம்பிக்கையில் மறுமை என்பது தூரத்து உலகமன்று. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கும் மலைக்கும் இடையிலேயே இருக்கிறது.

மாசியில் மலையகத் தோட்டங்களில் ஆடப்படும் காமன் கூத்தில் இந்தச் சிந்தனையின் வடிவம் கிடைக்கிறது. கம்பம் ஊன்றுவார்கள். ரதியும் மதனும் வேடமிட்டு வீடுவீடாக வருவார்கள். சிவனின் தவத்தைக் கலைத்த மதன் நெற்றிக்கண்ணில் எரிவான், ரதி புலம்புவாள். அந்தப் புலம்பலும் உண்மையான இழவு வீட்டு ஒப்பாரியும் ஒரே மெட்டில் ஓடும். சொந்தச் சாவுகளுக்கு அழாமல் அடக்கியவர்கள் அங்கே அழுவதாகச் சொல்வதுண்டு. பிறகு உயிர் எழுப்புதல். புராணத்தின் முடிவு ஒரு சமரசம்: மதன் உடலற்றவன், ஆனால் ரதியின் கண்ணுக்கு மட்டும் தெரிவான். தஞ்சைப் பக்க லாவணியில் இதையே இரண்டு அணியாகப் பிரிந்து இரவிரவாக வாதிடுவார்கள். எரிந்துபோனான் என்பது எரிந்த கட்சி, எரியவில்லை என்பது எரியாத கட்சி. இறப்பு முடிவா என்ற கேள்வியைச் சாதாரண மக்கள் தப்பும் டேப்பும் வைத்துக்கொண்டு விவாதித்த அரங்கு அது. இரண்டு அணிக்கும் கைதட்டு விழும். எது வென்றது என்று யாரும் கணக்கு வைப்பதில்லை.

வார்க்கப்படும் நீர்

கொள்கைகளின் உண்மையான சோதனை மரண வீட்டில்தான். சிங்களப் பௌத்த மரண வீட்டில் பாங்சுகூலச் சடங்கின்போது பிக்குகளுக்கு வெள்ளைத் துணி கொடுத்து, ஒரு கெண்டியிலிருந்து கிண்ணத்துக்குள் நீர் வார்ப்பார்கள். கிண்ணம் நிறையும், வழியும். குடும்பத்தினர் எல்லாரும் கெண்டியில் கைவைத்திருப்பார்கள். இங்கே ஈட்டிய புண்ணியம் இறந்தவரைச் சேரட்டும் என்பது கருத்து. ஏழாம் நாள், மூன்றாம் மாதம், ஆண்டு நிறைவு என்று தானம் தொடரும். மலையகத் தமிழர் பதினாறாம் நாள் கருமாதியில் எள்ளும் நீரும் இறைப்பார்கள். ஆடி அமாவாசையில் மீண்டும் இறைப்பார்கள். முஸ்லிம் வீடுகளில் நாற்பதாம் நாள் இறந்தவருக்காகக் கத்தம் ஓதுவது வழக்கமாக இருந்தது. அண்மைத் தலைமுறைகளில் அது கடும் சர்ச்சைக்குள்ளாகி இருக்கிறது. கத்தோலிக்கர் நவம்பர் இரண்டாம் நாள் கல்லறைகளில் விளக்கேற்றுவார்கள்.

நான்கு சமயங்களும் தத்தம் வினை தத்தமக்கே என்று போதிக்கின்றன. நான்கின் மக்களும் இறந்தவருக்கு ஏதோ ஒன்றை அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள்.

அறிஞர்கள் இந்த முரணைப் பார்க்காமல் இல்லை. இங்கே கொடுத்தது அங்கே போய்ச் சேருமா என்பது கதாவத்துவில் தனி விவாதமாகவே இருக்கிறது. மிலிந்த பஞ்ஹம் ஓர் இறுக்கமான எல்லை போடுகிறது: பிறர் கொடுப்பதை நம்பி வாழும் ஒருவகைப் பேய்களுக்கு மட்டும் சேரும், நரகத்திலோ விலங்குப் பிறப்பிலோ சொர்க்கத்திலோ இருப்பவர்க்குச் சேராது. உரைகள் இன்னொரு வழி காட்டின. புண்ணியம் கைமாறுவதில்லை, தானத்தைக் கண்டு இறந்தவர் மகிழ்கிறாரே, அந்த மகிழ்ச்சி அவருடைய சொந்த நல்வினை. சாமர்த்தியமான விளக்கம். வினைக்கொள்கை உடையாமல் தப்புகிறது. ஆனால் கெண்டியில் கைவைத்திருக்கும் தாய் இதை நினைத்து நீர் வார்ப்பதில்லை என்பதும் தெளிவு.

இஸ்லாத்தில் ஒருவர் சுமையை இன்னொருவர் சுமக்கமாட்டார் என்பது குர்ஆனின் நிலை. இறந்தபின்னும் தொடர்வன மூன்று என்று ஒரு ஹதீஸ் சொல்கிறது: நிலைத்த தர்மம், பயன்தரும் கல்வி, தனக்காகப் பிரார்த்திக்கும் பிள்ளை. குர்ஆன் ஓதிய நன்மை இறந்தவரைச் சேருமா என்பதில் இமாம் ஷாபிஈயின் பெயரில் பரவலாக அறியப்பட்ட கருத்து சேராது என்பது. பிற்கால ஷாபிஈ அறிஞர் பலர் துஆ என்னும் பிரார்த்தனையோடு சேர்த்தால் சேரும் என்று வழி திறந்தனர். கதாவத்துவின் வாதத்தோடு இதைப் பக்கத்தில் வைத்துப் படித்தால், வேறு வேறு உலகங்களில் ஒரே நெருக்கடி ஒரே வகைத் தளர்வை உண்டாக்கியிருப்பது தெரியும். கொள்கை இறுக்கினால் துக்கம் அதைத் தளர்த்துகிறது.

யாருடைய சாவு என்றே தெரியாவிட்டால்? 2012 இறுதியில் மாத்தளை வைத்தியசாலை வளவில் நிலம் தோண்டியபோது நூற்றைம்பதுக்கு மேற்பட்ட மனித எச்சங்கள் வெளிவந்தன. எண்பதுகளின் பிற்பகுதியைச் சேர்ந்தவை என்றது ஒரு தொல்லியல் ஆய்வு. 1950க்கு முற்பட்டவை என்ற முடிவு பின்னால் வந்தது. முதலாவது சரியென்றால் அவை மக்கள் விடுதலை முன்னணிக் கிளர்ச்சி நசுக்கப்பட்ட காலத்துக்குரியவை. அக்காலத்தில் பிள்ளைகள் காணாமல் ஆக்கப்பட்ட குடும்பங்களுக்கு உடலும் இல்லை, நாளும் இல்லை. ஏழாம் நாளை எங்கிருந்து எண்ணுவது? வடக்கிலும் கிழக்கிலும் இதே நிலையில் ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள். திவசம் கொடுத்தால் இறந்ததை ஒப்புக்கொண்டதாகும், கொடுக்காவிட்டால் கடன் பாக்கியாகும் என்று தவிப்பவர்கள் அவர்களில் உண்டு. இந்த நிலையைப் பற்றிச் சமய நூல்கள் அதிகம் சொல்வதில்லை. மறுமை பற்றிய எந்தக் கொள்கையும், குறைந்தபட்சம், இவர் இறந்தார் என்ற செய்தி தெரியும் என்று முன்கூட்டியே வைத்துக்கொள்கிறது.

முற்பிறவி பேசும் குழந்தைகள்

இருபதாம் நூற்றாண்டில் கேள்வி ஆய்வுகூடத்துக்குப் போனது. வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தின் உளநோய் மருத்துவர் இயன் ஸ்டீவன்சன், முற்பிறவியை நினைவுகூர்வதாகச் சொல்லும் குழந்தைகளைத் தேடி இலங்கைக்குப் பலமுறை வந்தார். 1966இல் வெளிவந்த அவருடைய முதல் தொகுப்பிலேயே இலங்கைக் குழந்தைகள் உண்டு. 1977இல் இலங்கை பற்றி ஒரு தனித் தொகுதியே வெளியிட்டார். கண்டிப் பக்கத்தில் நிலம்பே தியான நிலையத்தில் கற்பித்த கொட்வின் சமரரத்ன அவருக்குக் கள உதவி செய்தவர்களில் ஒருவர். பிறகு ஐஸ்லாந்தின் எர்லெண்டுர் ஹரால்ட்சன் அத்தகைய குழந்தைகளுக்கு உளவியல் சோதனைகள் நடத்தினார். அவர்கள் பிறர் சொல்லுக்கு எளிதில் வசப்படுபவர்கள் அல்லர், சொல்வளம் கூடியவர்கள், ஆனால் நடத்தைச் சிக்கல்கள் கொஞ்சம் கூடியவர்கள் என்பது கிடைத்த சித்திரம்.

எதிர்ப்பக்கத்தில் ஏபிரகாம் கோவூர். கேரளத்தில் பிறந்து இலங்கையில் தாவரவியல் கற்பித்த பகுத்தறிவாளர். அமானுஷ்ய ஆற்றலை நிரூபிப்பவருக்கு இலட்சம் ரூபா என்ற அவருடைய சவால் பிரசித்தம். குழந்தையின் வார்த்தைகளுக்குப் பெற்றோர் தரும் ஊக்கம், இரண்டு குடும்பங்களும் ஆய்வாளர் வருமுன்பே சந்தித்துக் கதையைச் சேர்த்துக்கொள்வது, மறுபிறப்பை நம்பும் பண்பாட்டில்தான் இத்தகைய குழந்தைகள் அதிகம் கிடைப்பது ஆகியவை எதிர்ப்பாளர்களின் வாதங்கள். அவை கனமானவை. எல்லாச் சம்பவங்களையும் அவை விளக்கிவிட்டன என்றும் சொல்வதற்கில்லை.

இங்கே அடிக்கடி தவறவிடப்படும் ஒன்று உண்டு. ஸ்டீவன்சனே தன் தரவுகளில் வினைப்பயனுக்குச் சான்று ஏறத்தாழ இல்லை என்று கருதினார். முற்பிறவியில் கொலையுண்டதாகச் சொல்லும் குழந்தைகள் உண்டு. கொலை செய்ததற்காக ஏழ்மையில் பிறந்ததாகக் காட்டும் தரவு இல்லை. மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர 2002இல் எழுதிய நூலில் இன்னொரு வழியாக இதே இடத்துக்கு வருகிறார். மறுபிறப்பு நம்பிக்கை வட அமெரிக்கப் பழங்குடிகளிலும் உண்டு, கிரேக்கரிலும் உண்டு. அதோடு அறக்கணக்கைப் பிணைத்தது பிற்கால வளர்ச்சி. அதாவது ‘மறுபடி பிறப்பு’ என்பதும் ‘செய்ததற்குத் தக்க பிறப்பு’ என்பதும் இரண்டு தனிக் கூற்றுகள். முதலாவதற்குச் சான்று கிடைத்தாலும் இரண்டாவது நிரூபணமாகாது. மேடைகளில் இரண்டும் ஒன்றாகவே பேசப்படுகின்றன.

மனத்திடம் யாருடையது?

தன் துன்பத்தைப் பார்த்து, இது என் வினை, இனி நல்லது செய்வேன் என்று ஒருவர் எழுந்து நிற்கலாம். அது வலிமை. அதே வாக்கியத்தைப் பக்கத்து லயத்துக்காரரைப் பார்த்துச் சொன்னால் அது குற்றச்சாட்டு. வினைக்கொள்கையின் பயனும் கேடும் பெரும்பாலும் இந்த இடமாற்றத்தில்தான் இருக்கின்றன என்பது இக்கட்டுரையின் கணிப்பு. 1948இல் தோட்டத் தமிழரின் குடியுரிமை பறிபோனது எந்தத் தொழிலாளியின் முற்பிறவிக் கணக்கும் அல்ல. அது ஒரு நாடாளுமன்றச் சட்டம். அம்பேத்கர் 1957இல் வெளிவந்த ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலில் பரம்பரையாக வரும் முன்வினைக் கொள்கையை ஏற்க மறுத்ததற்கு இதுவே காரணம்; சாதியை நியாயப்படுத்த அதைவிட வசதியான கருவி இல்லை. அவருக்கும் முன்னால், 1898இல் கொழும்புக்கு வந்து வித்தியோதயப் பிரிவேனாவில் பஞ்சசீலம் ஏற்ற அயோத்திதாசர், பௌத்தத்தை மறுமைக் கணக்காகவன்றி இழந்த மானத்தை மீட்கும் வழியாகவே தமிழில் எழுதினார். இந்த மறுவாசிப்புகளை மரபான தேரவாதிகள் ஏற்பதில்லை. மறுபிறப்பைக் கழற்றிவிட்டால் மிஞ்சுவது பௌத்தம்தானா என்ற அவர்கள் கேள்வியும் எளிதில் தள்ளக்கூடியதன்று.

வலிமை உள்ளே மட்டும் இருப்பதாகக் கொள்வோருக்கு இன்னொரு தடையும் இலங்கை வரலாற்றிலேயே இருக்கிறது. 1995 அளவில் நாட்டின் தற்கொலை விகிதம் இலட்சத்துக்கு ஏறத்தாழ 47 ஆக, உலகின் மிக உயர்ந்தவற்றில் ஒன்றாக இருந்தது. கடும் நஞ்சுள்ள பூச்சிகொல்லிகளுக்கு அந்த ஆண்டிலும், எண்டோசல்ஃபானுக்கு 1998இலும் தடை வந்தது. அடுத்த பத்தாண்டில் விகிதம் பாதியாகக் குறைந்தது. இடையில் மக்களின் மறுமை நம்பிக்கை மாறவில்லை, போர் தொடர்ந்தது, வறுமை தொடர்ந்தது. கைக்கெட்டிய போத்தலில் இருந்த நஞ்சு மாறியது. ஒருவருடைய கடைசி முடிவு என்று நாம் நினைப்பதுகூட ஒரு மணிநேர நெருக்கடியாக இருந்திருக்கலாம், அதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோர் வாழ்ந்துவிட்டார்கள் என்று இத்தரவு சொல்கிறது. மனத்திடம் இல்லாதவர்கள் என்று அவர்களைப் பற்றிப் பேசிய போதனைகள் எல்லாம் இதன் முன் கொஞ்சம் அடக்கமாக வேண்டும்.

தீராதவை

சில கேள்விகள் ஓரளவு தெளிந்துவிட்டன. எல்லாம் பழவினை என்பது நிக்காயங்களின் நிலை அன்று. மறுபிறப்புக்கான சான்றும் வினைப்பயனுக்கான சான்றும் ஒன்றல்ல. தூய விதிக்கொள்கையையோ தூய தன்முயற்சிக் கொள்கையையோ எந்த மரபும் தன் சடங்குகளில் கடைப்பிடிக்கவில்லை.

மற்றவை அப்படியே கிடக்கின்றன. நிலையான ஆள் இல்லாமல் பொறுப்பு இருக்க முடியுமா என்பதில் பாணந்துறையில் நின்ற இடத்திலிருந்து நாம் அதிக தூரம் போகவில்லை. குழந்தைகளின் நினைவுகளை, இரு குடும்பங்களும் சந்திக்குமுன் எழுதி வைத்துச் சோதித்த சம்பவங்கள் மிகக் குறைவு. அவை கூடாதவரை இரு கட்சிக்கும் சொல்ல இடமுண்டு. காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்கு எப்போது, எப்படி நீர் வார்ப்பது என்பதற்குச் சமயத் தலைவர்கள் கூடி ஒரு விடை காண முயன்றால் அது கோட்பாட்டுக்கும் புதிதாக எதையாவது தரக்கூடும்.

நம்பிக்கைக்கும் செயலுக்கும் உள்ள உறவு இன்னும் வினோதமானது. ஹட்சன் சில்வா 1960களில் தொடங்கிய கண் தான இயக்கத்தில் சேர்ந்த பௌத்தர்கள், சிவி அரசனின் ஜாதகக் கதையை மனத்தில் வைத்து, அடுத்த பிறப்புக்கான புண்ணியமாகக் கண்களை எழுதிக்கொடுத்தார்கள். அவர்கள் கொடுத்த கண்கள் இலங்கைக்கு வெளியேயும் பல நாடுகளுக்குப் போயின. அடுத்த பிறப்பே இல்லை என்று வாழ்நாள் முழுதும் வாதிட்ட கோவூரும் 1978இல் இறக்கும் முன் கண்களையும் உடலையும் எழுதிக்கொடுத்திருந்தார். எதிரெதிர்க் கொள்கைகள் ஒரே முடிவுக்குக் கொண்டுவந்திருக்கின்றன. முடிவை உண்டாக்கியது கொள்கையா, அதற்கு முன்பே இருந்த வேறொன்றா என்று யாராவது விரிவாக ஆராய்ந்தால், இந்தக் கேள்வியைத் தத்துவ நூல்களுக்கு வெளியிலிருந்தும் அணுக ஒரு வழி கிடைக்கும்.